ரெண்டு குன்றுக்கு நடுவுல ஒரு ரோடு

டாரான்னதும் தாராபுரம் பக்கத்துல ஏதோ ஊர்னு நினைச்சுடாதீங்க மக்களே. இது அயர்லாந்து. டப்ளினிலிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனா, மீத் மாவட்டத்துல வர்ற ஒரு புல்மேடு. மலைன்னு சொன்னா நம்ம ஊர்க்காரங்க சிரிப்பாங்க. ஏறி முடிச்சா மூச்சு கூட வாங்காது. ஆனா அந்த மேட்டைச் சுத்தி கிட்டத்தட்ட பத்து வருஷம் ஒரு சண்டை நடந்துச்சு. சண்டை மேட்டுக்காகக் கூட இல்லை, மேட்டுக்குக் கீழே இருக்குற வெறும் வயலுக்காக. அந்த வயல்ல ரோடு போடலாமா கூடாதாங்கறதுதான் கேள்வி.

"சுருக்கமா எழுதுய்யா"ன்னு போன தடவை சிலர் திட்டினீங்க. இந்தத் தடவையும் நீளம்தான். காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க :-)

என் சித்தப்பா பையன் நாவன்ங்கற ஊர்ல இருக்கான். வேலை டப்ளின்ல. அவன் வீட்டுக்குப் போயிருந்தப்போ, ஏர்போர்ட்டிலிருந்து அவன் கார்லதான் எம்3 நெடுஞ்சாலையில முதல் தடவை போனேன். அருமையான ரோடு, குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஒரு சுங்கச்சாவடி தாண்டி, டன்ஷாக்லின் ஊரை ஒதுக்கிட்டுப் போறப்ப, "அண்ணே, லெஃப்ட்ல மேடு தெரியுதா? அதான் டாரா. ராஜாக்களுக்குப் பட்டம் கட்டின இடமாம். ரைட்ல பாருங்க, மேல இடிஞ்ச கோபுரம் இருக்கே, அது ஸ்க்ரீன். இந்த ரோடு போடறப்போ பெரிய கலாட்டாவாம்"னான். நான் லெஃப்ட் பார்த்து ரைட் பார்க்கறதுக்குள்ள ரெண்டும் பின்னால போயிடுச்சு.

"என்ன கலாட்டா?"

"தெரியலண்ணே. நான் வர்றதுக்கு முந்தியே ரோடு வந்துடுச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனையும் இழுத்துக்கிட்டு மேட்டுக்குப் போனேன். திரும்பி வந்து கிடைச்சதெல்லாம் படிச்சேன். அதோட விளைவுதான் இது.

மேட்டுல என்ன இருக்கு?

உண்மையைச் சொன்னா, முதல் பார்வைக்கு ஒண்ணுமே இல்லை. டிக்கெட் கிடையாது, கோட்டைச் சுவர் கிடையாது. ஆடு மேயுது. தரையில பெரிய பெரிய வட்டமா மண் மேடும் பள்ளமும். ஒரு முள்மரத்துல வேண்டுதலுக்குத் துணி கட்டித் தொங்க விட்டிருக்காங்க. நம்ம ஊர் கோயில் மரத்துல தொட்டில் கட்டுவாங்களே, அது ஞாபகம் வந்துச்சு.

இந்த மண் மேடுகள்ல மூத்தது 'பணயக் கைதிகளின் மேடு'ன்னு சொல்லப்படற கல்லறை. கி.மு. 3000க்கும் முந்தையது. அதாவது எகிப்துல கிசா பிரமிடு கட்டறதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே இங்க கல்லை அடுக்கி, நடுவுல ஒரு சின்ன நடைவழி விட்டு, மேல மண்ணைக் கொட்டி மூடியிருக்காங்க. நவம்பர் தொடக்கத்திலும் பிப்ரவரி தொடக்கத்திலும் காலைச் சூரியன் அந்த நடைவழிக்குள்ள நேரா விழும். ரெண்டுமே பழைய ஐரிஷ் நாட்காட்டியில பருவம் மாறுற நாட்கள். 1950களில் இதைத் தோண்டினப்போ, நூற்றுக்கணக்கான மனிதர்களின் எலும்புகள், பல நூற்றாண்டு இடைவெளியில புதைக்கப்பட்டவை, கிடைச்சது. அதுல ஒரு பையன். வெண்கலம், அம்பர், ஜெட் மணியெல்லாம் கோத்த மாலையோட புதைச்சிருக்காங்க.

அதைச் சுத்தி 'மன்னர்களின் கோட்டை'ன்னு ஒரு பெரிய வட்ட அகழி, சுற்றளவு சுமார் 1 கிலோமீட்டர். இரும்புக் காலத்தைச் சேர்ந்தது. ஆனா விஷயம் என்னன்னா, அகழி மண் மேட்டுக்கு உள்பக்கம் இருக்கு. எதிரியைத் தடுக்கற கோட்டைன்னா அகழி வெளியிலதானே இருக்கணும்? அதனாலதான் இது போருக்குக் கட்டினதில்லை, சடங்குக்குக் கட்டினதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. உள்ளே ஒரு நிமிர்ந்த கல், பேரு லியா ஃபாயில். உரிமையுள்ள அரசன் தொட்டா அந்தக் கல் கத்தும்னு ஐதீகம். (நான் தொட்டேன். கத்தல. வீட்டுல சொன்னா யாரும் ஆச்சரியப்படல.)

அயர்லாந்தின் இடைக்கால இலக்கியத்துல, நாட்டின் ஐந்து பெருவழிகளும் டாராவிலிருந்துதான் கிளம்பும். இதை மனசுல வச்சுக்கங்க. ரோட்டுக்கும் டாராவுக்கும் பகை கிடையாது. ரோடுகளுக்கே தாய்வீடு மாதிரி சொல்லப்பட்ட இடம் அது.

பிற்காலத்திலும் இந்த மேடு சும்மா இல்லை. 1798 எழுச்சியில இங்க ஒரு போர் நடந்து, கிளர்ச்சிக்காரங்க நிறைய பேர் செத்தாங்க. 1843 ஆகஸ்ட் 15ஆம் தேதி டேனியல் ஓ'கானல் இங்க கூட்டம் போட்டப்போ வந்த ஜனம் பல லட்சம்னு அன்றைய பத்திரிகைகள் எழுதின. 1899லிருந்து 1902 வரைக்கும் இன்னொரு கூத்து. பைபிள்ல வர்ற உடன்படிக்கைப் பெட்டி இங்கதான் புதைஞ்சிருக்குன்னு நம்பின ஒரு கும்பல் வந்து, ஒரு பழைய வட்டக் கோட்டையை மண்வெட்டியால கிளறித் தள்ளிட்டாங்க. அதை எதிர்த்து நின்னவங்க யாருன்னு பாருங்க: கவிஞர் யேட்ஸ், டக்ளஸ் ஹைட், ஆர்தர் கிரிஃபித், மாட் கான். பெட்டி கிடைக்கல. மேட்டுல காயம் மட்டும் மிச்சம்.

ஆக, மேட்டுமேல கை வச்சா கேட்கறதுக்கு ஆள் இருந்தாங்க. மேட்டுக்குக் கீழே?

கோபுரமும் தேர்வீதியும்

இங்கதான் முழு விவகாரமும் இருக்கு. ஒரு கோயில்னா கோபுரம் மட்டுமா? தேர் ஓடுற நாலு வீதி, தெப்பக்குளம், நந்தவனம், சாமி ஊர்வலம் போய்த் தங்குற மண்டபம் எல்லாம் சேர்ந்ததுதானே கோயில். கோபுரத்துல ஒரு செங்கல்லைக் கூடத் தொடாம, தேர்வீதிக்கு நடுவுல ஒரு மதில் எழுப்பிட்டு "கோயிலுக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னா ஒத்துக்குவோமா?

டாராவும் அப்படித்தான். 1990களில் டிஸ்கவரி ப்ரோக்ராம்ங்கற அரசு நிதியில நடக்குற ஆய்வு நிறுவனம் இங்க வேலையை ஆரம்பிச்சது. காலர் நியூமன் இல்லை, கானர் நியூமன்ங்கற தொல்லியல் அறிஞர் அந்தக் குழுவில் முக்கியமானவர். அவங்க தோண்டல. மண்ணின் காந்தத்தன்மையை அளக்குற கருவியை வயல் முழுக்க வரிசையா நடத்திக்கிட்டே போனாங்க. ஒரு காலத்துல வெட்டி, பின்னால மூடிப்போன பள்ளத்து மண்ணும், நெருப்பு எரிஞ்ச இடத்து மண்ணும் பக்கத்து மண்ணிலிருந்து கொஞ்சம் வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்தைப் படமா வரைஞ்சா, தரைக்கு மேல எதுவுமே தெரியாத இடத்துல வட்டம் வட்டமா எழும்பி வரும். அப்படித்தான் மேட்டு மேலயே சுமார் 170 மீட்டர் அகலத்துல, ஏறத்தாழ 300 மரத்தூண்கள் நட்டிருந்த ஒரு பிரம்மாண்ட வட்டம் தெரிய வந்துச்சு. அதுவரைக்கும் அது மேல ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்தது.

மேட்டுக்குக் கிழக்கே ஒரு பள்ளத்தாக்கு, அதில கவ்ராங்கற சின்ன ஆறு. அந்தப் பக்கம் ஸ்க்ரீன் குன்று. புனித கொலம்பாவின் திருப்பொருட்கள் வச்சிருந்த பேழையினால அந்தப் பேரு வந்துச்சு. அதுக்கு முந்தி அந்தக் குன்றுக்குப் பழைய பேரு அக்கல். ஃபின் மக்கூல் கதைகள்ல வர்ற கடைசிப் பெரும்போரை இந்தக் கவ்ராவோட சேர்த்துச் சொல்ற மரபும் உண்டு. ரெண்டு குன்றும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு நிக்குது. நடுவுல இருக்குற பள்ளத்தாக்குலதான் ராஜாவுக்கு வேண்டியவங்க வாழ்ந்தாங்க, பயிர் வச்சாங்க, காவல் காத்தாங்க, செத்தவங்களைப் புதைச்சாங்க.

அந்தப் பள்ளத்தாக்கு வழியாத்தான் எம்3 வந்துச்சு.

ரோடு வந்த கதை

ரோடு வேணும்னு கேட்டவங்களை வில்லனாக்க எனக்கு மனசில்லை. 1990களின் கடைசியில அயர்லாந்து பொருளாதாரம் எகிறிக்கிட்டு இருந்துச்சு. டப்ளின்ல வீட்டு விலை கட்டுப்படியாகாம ஜனங்க மீத் மாவட்டத்துக்குக் குடி வந்தாங்க. வேலை மட்டும் டப்ளின்லயே. பழைய எம்3 கிடையாது, என்3ங்கற ஒற்றை ரோடுதான். டன்ஷாக்லின், நாவன், கெல்ஸ்னு ஒவ்வொரு ஊருக்குள்ளயும் புகுந்து புறப்படணும். காலையில இருட்டுல கிளம்பி ராத்திரி இருட்டுல வீடு வந்தவங்க ஆயிரக்கணக்கானோர். நாவனுக்குப் பயணிகள் ரயிலும் கிடையாது. முன்னொரு காலத்துல இருந்ததை எப்பவோ மூடிட்டாங்க.

அதனால க்ளோனீயிலிருந்து கெல்ஸுக்கு வடக்கே வரைக்கும் சுமார் 60 கிலோமீட்டர் திட்டம் போட்டாங்க. டன்ஷாக்லினுக்கும் நாவனுக்கும் நடுவுல எப்படிப் போறதுங்கறதுக்குப் பல வழிகளை ஆராய்ஞ்சாங்க. ஸ்க்ரீன் குன்றுக்குக் கிழக்கே சுத்திப் போற வழியும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. 2000இல் இந்தத் திட்டத்துக்காகவே தயாரான ஒரு தொல்லியல் அறிக்கை, டாராவைச் சுத்தியிருக்குற சின்னங்களைத் தனித்தனியாப் பார்க்கக் கூடாது, முழு நிலப்பரப்பா பார்க்கணும், அதைக் கலைக்கக் கூடாதுன்னு எச்சரிச்சது. அப்படியும் கடைசியில தேர்ந்தெடுத்தது ரெண்டு குன்றுக்கு நடுவுல போற வழியைத்தான். திட்ட அனுமதி வாரியம் 2002இல் நீண்ட விசாரணை நடத்தி, 2003 ஆகஸ்ட்ல ஒப்புதல் கொடுத்துச்சு.

ரோட்டுத் தரப்பு சொன்ன வாதம் கேட்க நியாயமாவே இருக்கும். "மேட்டு உச்சியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல தள்ளித்தான் போகுது. இப்ப இருக்குற பழைய ரோடே இதைவிடப் பக்கத்துல போகுதே. ஒரு சின்னத்தைக் கூட நாங்க தொடலையே." வரைபடத்துல புள்ளிகளை மட்டும் பார்த்தா இது சரி. புள்ளிகளுக்கு நடுவுல இருக்குறது வெறும் இடம்னு எடுத்துக்கிட்டா இது ரொம்பச் சரி. அப்புறம் அந்தப் பழைய ரோடு ஊர் ரோடு மாதிரி நிலத்தோட வளைஞ்சு போறது. புதுசு அப்படியில்லை. நாலு தடம், வெட்டு, கரை, மேம்பாலம், மேட்டின் அடிவாரத்துக்குப் பக்கத்துல ப்ளண்டல்ஸ்டவுன்ல விளக்கெல்லாம் போட்ட பெரிய சந்திப்பு.

2004இல் பாதை நெடுகச் சோதனைப் பள்ளங்கள் வெட்டினாங்க. டன்ஷாக்லின்–நாவன் துண்டுல மட்டும் 38 தொல்லியல் இடங்கள் வந்து நின்னுச்சு. காலியர்ஸ்டவுன்ங்கற இடத்துல இடைக்காலத் தொடக்கத்து இடுகாடு ஒண்ணு. அதுல மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த பானைத் துண்டுகள்! அந்தக் காலத்துல அவ்வளவு தூரத்துப் பாத்திரம் சும்மா வராது. பக்கத்து மேட்டுல இருந்த அதிகாரத்துக்காக வந்த சரக்குன்னு நினைக்கத் தோணுது. வெறும் வயல்னு சொன்னாங்களே, அதுதான் இது.

சட்டம் எப்படி வளைஞ்சது

அயர்லாந்துல தொல்லியல் சின்னங்களுக்கு 1930லயே சட்டம் உண்டு. ஆனா அது ஒரு தனிச் சின்னத்தைக் காக்கற சட்டம். ஒரு கல், ஒரு மேடு, ஒரு கோட்டைன்னு குறிச்சு வேலி கட்டும். பள்ளத்தாக்கைக் காக்க அதுக்குத் தெரியாது.

அந்தத் தனிச் சின்னப் பாதுகாப்பும் ஏற்கனவே அடி வாங்கியிருந்துச்சு. 1978இல் டப்ளின்ல வுட் கீயில வைக்கிங் நகரத்தின் மிச்சங்கள் வெளிவந்தப்போ, 20,000 பேர் வீதியில ஊர்வலம் போனாங்க. நீதிமன்றம் தேசியச் சின்னம்னே சொல்லுச்சு. அப்படியும் அங்க மாநகராட்சி அலுவலகம் எழும்பிடுச்சு. 2002இல் டப்ளின் வட்டச்சாலை எம்50க்காக காரிக்மைன்ஸ் கோட்டையின் மிச்சத்தை எடுக்கப் போனப்ப, ஜனங்க அங்கேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தாங்க. நீதிமன்றத்துக்குப் போய்த் தடையும் வாங்கினாங்க. அரசாங்கம் என்ன பண்ணுச்சு? 2004இல் சட்டத்தையே திருத்திடுச்சு. பொதுநலன்னு கருதினா, சின்னம் சேதமானாலும் அமைச்சர் அனுமதிக்கலாம். ஒப்புதல் வாங்கின ரோட்டு வேலையில நடுவழியில சின்னம் கண்டுபிடிச்சாலும், என்ன செய்யறதுன்னு அமைச்சர் உத்தரவு போடுவார்.

இந்தச் சட்டம் கையில வந்த அடுத்த வருஷம், 2005 மே மாசம், சுற்றுச்சூழல் அமைச்சர் டிக் ரோஷ் டாரா பாதையில அகழாய்வுக்கு உத்தரவு போட்டார். எதிர்த்துப் போட்ட வழக்கு 2006 மார்ச்ல உயர் நீதிமன்றத்துல தள்ளுபடி.

லிஸ்மல்லின்

2007 ஏப்ரல் கடைசியில அமைச்சர் மண்வெட்டி பிடிச்சு ரோட்டு வேலையைத் தொடங்கி வச்சார். மே பிறக்கறதுக்குள்ள லிஸ்மல்லின்ங்கற இடத்துல பெருசா ஒண்ணு தெரிஞ்சுடுச்சு. அங்க வேலையை நிறுத்தினாங்க.

டாராவிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். கிண்ணம் மாதிரி இயற்கையா குழிஞ்ச ஒரு இடம். அதுக்குள்ள 80 மீட்டர் அகல வட்டம், நடுவுல சுமார் 16 மீட்டர்ல இன்னொரு வட்டம். கல் கிடையாது, எல்லாமே மரக்கம்பு நட்டது. மரம் எப்பவோ மக்கிப்போயிடுச்சு. ஆனா நட்ட குழிக்குள்ள இருக்குற மண்ணின் நிறம் மட்டும் மாறியே நிக்கும். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தப்போ, தரையில யாரோ கோலத்துக்குப் புள்ளி வச்ச மாதிரி வரிசை வரிசையா கருப்புப் புள்ளிகள். காலம், கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. உழுதா அழிஞ்சு போற அளவுக்கு மென்மையான அடையாளம். அந்தக் கிண்ணத்துல மண் வழிஞ்சு மூடிக் காப்பாத்தி வச்சிருந்தது.

இதைத் தேசியச் சின்னம்னு அறிவிச்சாங்க. அடுத்து என்ன நடந்திருக்கணும்? வழியை மாத்தியிருக்கணும்னு நீங்க நினைப்பீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். தேர்தல் முடிஞ்சு, ஆட்சி மாறப்போற ஜூன் மாசத்துல, டிக் ரோஷ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கறதுக்குச் சற்று முன்னாடி கையெழுத்து போட்டுட்டுப் போனார்: முழுசா தோண்டி, அளந்து, படமெடுத்து, பதிவு பண்ணிட்டு, ரோட்டுக்கு விட்டுடலாம். இதுக்கு அவங்க வச்சிருக்குற பேரு 'பதிவின் மூலம் பாதுகாத்தல்'. அடுத்து வந்த அமைச்சர் ஜான் கார்ம்லி பசுமைக் கட்சிக்காரர். அந்தக் கட்சி இந்த வழியை எதிர்த்துப் பேசின கட்சி. ஆனா பதவிக்கு வந்த பிறகு, சட்டப்படி என் கையில ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டார்.

அந்த வருஷம்தான் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலிருக்கும் 100 இடங்கள் பட்டியல்ல டாராவைச் சேர்த்துச்சு. 2008இல் கவிஞர் ஷேமஸ் ஹீனி பிபிசியில இந்த ரோட்டை வெளிப்படையா எதிர்த்துப் பேசினார். ராத் லூங்கற பழைய கோட்டை மேட்டுக்குப் பக்கத்துல போராட்டக்காரங்க காட்டுக்குள்ள முகாம் போட்டாங்க. அந்த மார்ச் மாசம் ஒரு பெண், ரோடு போற தடத்துல தரைக்கு அடியில சுரங்கம் வெட்டி உள்ளே போய் நாள்கணக்கா வெளியே வராம உட்கார்ந்துட்டாங்க. மேல கனரக வண்டி ஓடினா சுரங்கம் சரிஞ்சுடும்ங்கறதால வேலை நின்னது. அவங்க வெளியே வந்ததும் வேலை தொடர்ந்தது.

2010 ஜூன் 4ஆம் தேதி ரோடு திறந்துட்டாங்க.

தாமதமா வந்த தீர்ப்பு

இதுக்கு அப்புறம் நடந்ததைத் தேதி வாரியா சொல்றேன், நீங்களே பாருங்க.

ரோடு திறந்த அதே 2010இல், அயர்லாந்து அரசாங்கம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதிக்கான தன் உத்தேசப் பட்டியலை வெளியிட்டுச்சு. அதில 'அயர்லாந்தின் அரச தலங்கள்'ங்கற தலைப்புல டாராவும் இருந்துச்சு. 2022இல் புதுப்பிச்ச பட்டியலிலும் இருக்கு.

2011 மார்ச் 3ஆம் தேதி, ஐரோப்பிய ஆணையம் அயர்லாந்து மேல போட்ட வழக்குல ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. இடிக்கிற வேலைகளைச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலிருந்து விலக்கி வச்சது தப்பு, அயர்லாந்து சட்டம் ஐரோப்பிய விதிக்கு ஒத்து வரலைன்னு. தீர்ப்பு ரோட்டைப் பெயர்த்தெடுக்கச் சொல்லல. சொல்லவும் முடியாது. அதுக்குள்ள ஒன்பது மாசமா அது மேல வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

பொருளாதாரம் 2008லயே விழுந்துடுச்சு. கணக்குப் போட்ட அளவுக்கு வண்டி வரல. வண்டி குறைஞ்சா அரசாங்கம் ஈடுகட்டும்னு ரோட்டு நிறுவனத்தோட ஒப்பந்தத்துல இருந்ததால, சுங்கம் கட்டறவங்க போக, வரி கட்டறவங்க பணமும் போச்சு. 2010 செப்டம்பர்ல டப்ளின் பக்கத்திலிருந்து பழைய ரயில் பாதையில ஒரு பகுதியைத் திரும்பத் திறந்தாங்க. அது எம்3 பார்க்வேங்கற நிலையத்தோட நின்னுடுச்சு. நாவன் வரைக்கும் ரயில் இன்னும் வரல.

என் தம்பியும் அவன் ஒரு மணி நேரமும்

மேட்டு மேல நின்னு இதுல பாதியை அவன்கிட்ட சொன்னேன். அவன் ஏத்துக்கல.

"அண்ணே, நீங்க பத்து நாள் வந்துட்டுப் போறவரு. எனக்கு இந்த ரோட்டால தினமும் ஒரு மணி நேரம் மிச்சம். அந்த ஒரு மணி நேரத்துலதான் என் பொண்ணு முழிச்சிருக்கறப்போ வீட்டுக்கு வர்றேன். நீங்க சொல்ற அந்த மரக்கம்பு வட்டம், ரோடு தோண்டலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே?"

ரெண்டாவது கேள்வி நிஜமாவே கஷ்டமான கேள்வி. ரோட்டை ஆதரிச்சவங்க பலரும் கேட்டதும் இதுதான். ரோட்டுக்காகத் தோண்டினதாலதான் லிஸ்மல்லின் வெளியே வந்துச்சு. தோண்டின தொல்லியல்காரங்க நல்லாவே வேலை பார்த்தாங்க. 2013இல் முழு ஆய்வும் புத்தகமா வந்துச்சு. அறிவுக்கு லாபம், மறுக்க முடியாது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. 2,500 வருஷமா அது யாருக்கும் தெரியாமலே பத்திரமா இருந்துச்சு. தெரிஞ்ச கொஞ்ச மாசத்துல அந்த இடமே இல்லாம போச்சு. புத்தகத்துல அளவு இருக்கு, வரைபடம் இருக்கு, கரிமக் கணக்கு இருக்கு. அந்தக் கிண்ணத்துக்குள்ள நின்னு, எந்தப் பக்கம் வானம் தெரியுது, எந்தப் பக்கம் டாரா மறையுதுன்னு பார்க்கணும்னா? பார்க்க முடியாது. நாளைக்கு வரப்போற ஆய்வாளர்கிட்ட இன்னும் நல்ல கருவி இருக்கும், புதுக் கேள்வி இருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க மண் இருக்காது. பாட்டி வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி எல்லா அறையையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டவங்களுக்கு இது புரியும்.

முதல் கேள்விக்கு, அதாவது அவன் ஒரு மணி நேரத்துக்கு, என் பதில் வேற. அந்த ஒரு மணி நேரம் அவனுக்கு வேண்டியதுதான். ஆனா அதுக்கு இந்தப் பள்ளத்தாக்குதான் விலையாகணும்னு எந்தக் கட்டாயமும் இருக்கல. ஸ்க்ரீனுக்குக் கிழக்கே போயிருந்தாலும் டன்ஷாக்லின் நெரிசல் தீர்ந்திருக்கும். ரயில் வந்திருந்தா இன்னும் நல்லா தீர்ந்திருக்கும். 'ரோடா, டாராவா'ன்னு கேள்வியை வச்சதே தப்பு. 'எந்த ரோடு'ங்கறதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் 2000. போராட்டம் பெருசா கிளம்பினது அதுக்கு நாலு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள காகிதத்துல கோடு விழுந்துடுச்சு. காகிதத்துல விழுந்த கோட்டை அழிக்கறது, ரோட்டைப் பெயர்க்கறதை விடக் கஷ்டம்னு இந்தக் கதையைப் படிச்சப்பறம்தான் எனக்கு உறைச்சது.

இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "கிழக்கால போயிருந்தா எனக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆயிருக்கும், அவ்வளவுதான்"னான். ஏத்துக்கிட்டானா, கிண்டல் பண்ணானான்னு கண்டுபிடிக்க முடியல.

நாங்க லியா ஃபாயில் கல்லுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தோம். அதுவரைக்கும் மேற்கே இருந்து காத்து, ஆட்டுச் சத்தம் மட்டும்தான். காத்து கிழக்கே திரும்பினதும், தூரத்துல மாவு மில் ஓடற மாதிரி ஒரு சத்தம், நிக்காம. "என்ன சத்தம்டா?"ன்னு கேட்டேன்.

"நம்ம ரோடுதாண்ணே"ன்னான்.

டிஸ்கி: அடுத்து யாராவது அந்தப் பக்கம் போனீங்கன்னா மேட்டோட நிறுத்திடாதீங்க. ஸ்க்ரீன் மேட்டுக்கும் ஏறி, அங்கிருந்து டாராவைப் பாருங்க. நடுவுல இருக்குற ரோட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டி வரும். உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல இப்படி 'வெறும் வயல்'னு சொல்லி காகிதத்துல கோடு விழுந்துக்கிட்டு இருந்தா, பின்னூட்டத்துல எழுதுங்க. கோடு விழறப்பவே பேசுவோம்.